ஆக்டிவேட் பண்ணினேன், ஆனால் ஆகேல்லை: ஷெல் ஸ்கிரிப்டும் பைதன் வென்வும்



இந்தக் கிழமை எபிசோடின் கடைசியில் ஒரு கேள்வியை அரைகுறையாக விட்டுவிட்டோம். பைதன் வென்வ் ஒன்றை ஷெல் ஸ்கிரிப்டுக்குள் வைத்து ஆக்டிவேட் செய்தால், ஏன் சில நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கு? நேரம் போனதால் "நியூஸ்லெட்டரில் எழுதுறன்" என்று சொல்லித் தப்பினேன். உண்மையைச் சொன்னால், கொம்பியூட்டர் சயன்ஸ் படித்த காலத்தில் எனக்கே இது வடிவாக விளங்கியிருக்கவில்லை. விளங்க வைத்தது ஒரு சனிக்கிழமைக் காலை. அங்கே இருந்தே தொடங்குகிறேன்.

கொமாண்டுகளை எபிசோடில் செய்கிற மாதிரி, வாயால் சொல்லுற விதத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கோ.

நான் இருப்பது ரூஜில், ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில். கொஞ்சம் நடந்தால் ரூஜ் ஹில் கோ ஸ்டேஷன், அதுக்கு அங்கால ஏரி. கிழமை நாட்களில் கொன்ட்ராக்ட் வேலை. சனிக்கிழமைகளில் பக்கத்தில் நடக்கிற ஒரு தமிழ் வகுப்புக்கு "கொம்பியூட்டர் அண்ணா". சம்பளம் ஒரு பிளேன்ரீ, ரெண்டு ரோல்ஸ்.

வகுப்பு நடப்பது வாடகை அறையில். ஸ்னோ கூடக் கொட்டினால் கட்டடத்தைத் திறக்க மாட்டினம். முந்தி அப்படியான நாட்களில் ரீச்சர் விடிய எழும்பி வீடு வீடாகப் போன் அடிப்பார். அதைப் பார்த்துப் பாவப்பட்டு, பேஸ்மென்றில் சும்மா கிடந்த ராஸ்பெரி பையில் ஒரு சின்னப் பைதன் புரோகிராம் எழுதி வைத்தேன். ரீச்சர் ஒரு ஷீட்டில் "வகுப்பு உண்டு" அல்லது "இல்லை" என்று போடுவார். சனி காலை 6.30க்கு புரோகிராம் அதைப் பார்த்து எல்லாப் பெற்றோருக்கும் ஈமெயில் அனுப்பும். ஒரு வருசம் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு எனக்கு ஆசை வந்தது. அந்த ஈமெயிலோடு பிள்ளைகளுக்கு அந்தக் கிழமைச் சொற்களையும் அனுப்பினால் என்ன? ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை எழுத்து என்று போட்டால் ஒரு விளையாட்டாகவும் இருக்கும். இங்கேதான் பைதன் மக்கர் பண்ணும். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைதனிடம் கேட்டுப் பாருங்கோ, 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் துண்டுகளை அது எண்ணுது. ஆனால் த, மி, ழ் என்று 3 எழுத்துத்தான் எண்டு முதலாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். இதைச் சரியாகச் செய்ய ஓப்பன்-தமிழ் என்ற பைதன் லைப்ரரி இருக்கு. அதன் முக்கியமான ஆட்களில் ஒருவர் முத்தையா அண்ணாமலை. தமிழிலேயே புரோகிராம் எழுதுகிற "எழில்" மொழியைச் செய்தவரும் அவர்தான். அந்த மொழியை ஓட்டுகிற இன்ரர்பிரிட்டரும் பைதனில்தான் எழுதப்பட்டிருக்கு.

ஓப்பன்-தமிழைப் பிப் மூலம் நேரடியாகப் போடப் பார்த்தேன். பை மறுத்துவிட்டது: "இந்தப் பைதன் வெளியில் இருந்து நிர்வகிக்கப்படுகிறது" என்கிற மாதிரி ஒரு எரர். 2023 இல் வந்த டெபியன் 12 இலும், அதை அடியாக வைத்த ராஸ்பெரி பை ஓ-எஸ்ஸிலும் இதுதான் வழக்கம். சிஸ்டத்தின் பைதனை ஒப்பரேட்டிங் சிஸ்டமே பாவிக்குது, அதுக்குள்ள நீங்கள் கை வைக்காதேங்கோ, வென்வ் ஒன்று செய்து அதுக்குள்ள போடுங்கோ என்பதுதான் அதன் அர்த்தம். நல்ல விதிதான். வென்வ் செய்தேன், லைப்ரரியைப் போட்டேன், மூன்று வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன்: ஃபோல்டருக்குப் போ, ஆக்டிவேட் ஃபைலை சோர்ஸ் பண்ணு, பைதன்3 ஆல் புரோகிராமை ஓட்டு. வெள்ளி இரவு கையால் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஈமெயில் வந்தது, "தமிழ், 3 எழுத்து" என்று. சந்தோசமாகப் படுத்தேன்.

சனி விடிய மைனஸ் 18. ரீச்சர் ஆறு மணிக்கு முன்னமே "இல்லை" என்று போட்டுவிட்டார். பத்து மணி போல எனக்குப் போன்.

"தம்பி, மெயில் அனுப்பினனீங்களோ?"

"ஓம் ரீச்சர், அது தானாப் போயிருக்கும்."

"ஒருத்தருக்கும் வரேல்லையாம். ஒரு அம்மம்மா ரெண்டு பேரப்பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில வந்து, பூட்டின கதவுக்கு வெளியில அரை மணித்தியாலம் நிண்டவவாம்."

அதுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. லாப்டொப்பைத் திறந்தேன்.

ஆக்டிவேட் உண்மையில் என்ன செய்யுது

வென்வ் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். இயன் பிக்கிங் 2007 இல் வெர்ச்சுவல்என்வ் என்ற டூலை வெளியிட்டார். கார்ல் மேயர் எழுதின பெப் 405 என்ற முன்மொழிவு வழியாக அதே யோசனை 2012 இல் பைதன் 3.3 உடன் மொழிக்குள்ளேயே வந்தது. அந்த ஃபோல்டரைத் திறந்தால் "பின்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கும் (பைனரியின் சுருக்கம்). அதுக்குள் பைதன், பிப், ஆக்டிவேட் எல்லாம். "லிப்" என்ற ஃபோல்டருக்குள் நீங்கள் போட்ட பக்கேஜ்கள். வெளியே பைவென்வ்-டொட்-சிஎஃப்ஜி என்று நாலைந்து வரியில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். இந்த ஃபைலை ஞாபகம் வைத்திருங்கோ, கதையின் முக்கியமான ஆள் அதுதான்.

ஆக்டிவேட் ஃபைலை எடிட்டரில் திறந்து பாருங்கோ. நூறு வரிகூட இல்லை. அது செய்கிற பெரிய வேலை ஒன்றுதான். "பாத்" என்ற மாறியின் முன்னுக்கு வென்வின் "பின்" ஃபோல்டரைச் சேர்க்குது. நீங்கள் டெர்மினலில் "பைதன்" என்று அடித்தால், ஷெல் பாத்தில் இருக்கிற ஃபோல்டர்களை இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் கிடைக்கிற பைதனை எடுத்து ஓட்டும். முன்னுக்கு வென்வ் இருந்தால் வென்வின் பைதன் கிடைக்கும். மற்றதெல்லாம் சில்லறை: பழைய பாத்தை ஒளித்து வைக்குது, வெர்ச்சுவல்-என்வ் என்று ஒரு மாறியை வைக்குது, பிரொம்ப்டில் வென்வின் பெயரை அடைப்புக்குறிக்குள் காட்டுது, டிஆக்டிவேட் என்று ஒரு ஃபங்ஷனைச் செய்து வைக்குது. அந்த ஃபங்ஷன் எல்லாத்தையும் பழையபடி ஆக்கும்.

ஆக, ஆக்டிவேட் பைதனைத் தொடுவதே இல்லை. உங்களுடைய ஷெல்லைத்தான் மாற்றுது. "எந்த ஷெல்லை?" என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

போட்டோகொப்பி

யூனிக்ஸில் ஒவ்வொரு புரொசெஸ்ஸுக்கும் தனக்கென்று ஒரு மாறிகளின் பட்டியல் இருக்கும். பாத் அதில் ஒன்று. ஒரு புரொசெஸ் இன்னொன்றைத் தொடங்கினால், பிள்ளைக்கு அந்தப் பட்டியலின் பிரதி ஒன்று போகும். 1979 இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இருந்து இதுதான் ஏற்பாடு.

எங்கட வீட்டுக் கதையில் சொன்னால்: அம்மாவிடம் கறித்தூள் அளவு எழுதின ஒரு பழைய கொப்பி இருக்கு. நீங்கள் வாட்டர்லூவுக்குப் படிக்கப் போகேக்க அதைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு போறீங்கள். அங்கே மிளகாயைக் குறைச்சு, உங்கட கொப்பியில வெட்டித் திருத்திறீங்கள். வீட்டில அம்மாட கொப்பியில ஒண்டும் மாறாது. நாலு வருசம் கழிச்சு வீட்டை வந்தாலும் கறி பழைய உறைப்புத்தான்.

ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டுகிறபோது இதேதான் நடக்குது. உங்கள் டெர்மினலில் இருக்கிற ஷெல் ஒரு பிள்ளை ஷெல்லைத் தொடங்கும். ஸ்கிரிப்ட் அதுக்குள் ஓடும். ஆக்டிவேட் அந்தப் பிள்ளையின் பாத்தைத் திருத்தும். ஸ்கிரிப்ட் முடிந்ததும் பிள்ளை போய்விடும், திருத்தின கொப்பியும் அதோடு போய்விடும். உங்கள் பிரொம்ப்ட் அப்படியே நிற்கும். எரர் ஒன்றும் வராது, ஏனென்றால் பிழை ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிச் சோதித்துப் பாருங்கோ. முதல் வரியில் ஆக்டிவேட்டை சோர்ஸ் பண்ணுங்கோ. இரண்டாம் வரியில் "விச் பைதன்" கேளுங்கோ. ஓட்டினால் வென்வின் பைதனைக் காட்டும். ஸ்கிரிப்ட் முடிந்த பிறகு அதே "விச் பைதன்" கேள்வியை டெர்மினலில் கேட்டால் பழைய பதில்தான் வரும், அல்லது பதிலே வராது. "ஸ்கிரிப்டில் வேலை செய்யுது, எனக்கு வேலை செய்யேல்லை" என்று மெயில் போடுகிற முக்கால்வாசிப் பேரின் பிரச்சினை இவ்வளவுதான்.

இதுக்கு மருந்து, பிள்ளையைத் தொடங்காமல் விடுவது. சோர்ஸ் என்ற கொமாண்ட் அதைத்தான் செய்யுது. "இந்த ஃபைலில் இருக்கிற வரிகளை, நானே கீபோர்டில் அடித்த மாதிரி, இதே ஷெல்லில் ஓட்டு" என்று அர்த்தம். அதால்தான் ஆக்டிவேட்டை எப்போதும் சோர்ஸ் பண்ணச் சொல்லுகினம். அந்த ஃபைலின் தொடக்க வரிகளே "என்னை நேரடியாக ஓட்ட ஏலாது" என்று கத்துது. அதை ஓட்டுகிற அனுமதியும் அதுக்குக் கொடுக்கப்பட்டிருக்காது. சில பேர் சி-எச்-மொட் பண்ணி அனுமதி கொடுத்து ஓட்டிப் பார்ப்பினம். ஓடும், ஒன்றும் நடக்காது. அதே போட்டோகொப்பி.

உங்கள் டெர்மினலில் வென்வை ஒரு சொல்லால் ஆக்டிவேட் பண்ண வேண்டுமா? ஸ்கிரிப்ட் எழுதாதேங்கோ. பாஷ்-ஆர்சி ஃபைலில் ஒரு ஏலியஸோ ஃபங்ஷனோ எழுதுங்கோ. ஃபங்ஷன் நீங்கள் இருக்கிற ஷெல்லிலேயே ஓடும். டக் ஹெல்மன் எழுதின வெர்ச்சுவல்என்வ்-ராப்பரின் "வேர்க்-ஒன்" கொமாண்ட் இப்படி ஒரு ஷெல் ஃபங்ஷன்தான்.

விண்டோஸ் வைத்திருக்கிற ஆட்களுக்கு ஒரு வரி: அங்கே இந்தக் கதை கொஞ்சம் வேறு. பழைய கொமாண்ட் பிரொம்ப்டில் பட்ச் ஃபைல் அதே புரொசெஸ்ஸில் ஓடும், அதால் ஆக்டிவேட் நேரடியாகவே வேலை செய்யும். ஆனால் உங்கள் பட்ச் ஃபைலுக்குள் இருந்து ஆக்டிவேட்டைக் கூப்பிட்டால் முன்னுக்குக் "கால்" என்று போடவேண்டும். இல்லாட்டி அங்கே போன ஓட்டம் உங்கள் ஃபைலுக்குத் திரும்பி வராது.

பிறகு ஏன் என்ர ஸ்கிரிப்ட் விழுந்தது?

நீங்கள் இப்போது கேட்கலாம், நான் ஸ்கிரிப்டுக்குள் சோர்ஸ்தானே பண்ணினேன், அடுத்த வரியில்தானே பைதனை ஓட்டினேன், இரண்டும் ஒரே பிள்ளை ஷெல்தானே என்று. சரியான கேள்வி. வெள்ளி இரவு வேலை செய்ததும் அதால்தான்.

சனி காலை ஸ்கிரிப்டை ஓட்டினது நான் இல்லை, க்ரோன். நான் ஓட்டேக்க இருந்தது பாஷ் ஷெல். க்ரோன் எதையும் "எஸ்-எச்" என்ற ஷெல் மூலம்தான் ஓட்டும். டெபியனில் எஸ்-எச் என்றால் பாஷ் இல்லை, டாஷ். உபுண்டு 2006 இலேயே இப்படி மாற்றிவிட்டது, டெபியன் 2011 இல் வந்த ஆறாம் பதிப்பில் மாற்றியது. டாஷ் சின்னது, வேகமானது, அதால் கொம்பியூட்டர் கெதியாக பூட் ஆகும். ஆனால் பாஷுக்கு இருக்கிற சில வசதிகள் அதுக்கு இல்லை. சோர்ஸ் என்ற சொல் அதில் ஒன்று.

இதுக்குப் பின்னால ஒரு பழைய கதை இருக்கு. ஸ்டீவன் போர்ன் எழுதின ஷெல்லில் இந்த வேலைக்கு இருந்த கொமாண்ட் ஒரு வெறும் புள்ளி. பேர்க்லியில் பில் ஜோய் எழுதின சி-ஷெல்தான் அதுக்குச் சோர்ஸ் என்று பெயர் வைத்தது. பாஷ் இரண்டையும் எடுத்துக்கொண்டது. பொசிக்ஸ் தரத்தில் எழுதி வைத்தது புள்ளியைத்தான், டாஷ் அதோடு நின்றுவிட்டது. ஆக "சோர்ஸ்" என்று பழகின எங்கட கைக்கு, டாஷ் "அப்படி ஒரு கொமாண்டே இல்லை" என்று சொல்லும்.

என்ர பிழை, ஸ்கிரிப்டின் முதல் வரியில் "ஷெபாங்" போடாதது. ஹாஷ் அடையாளம், ஆச்சரியக்குறி, பிறகு எந்த ஷெல் என்று எழுதுகிற அந்த வரி. அது இல்லாத ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னால், கேட்கிற ஷெல் "சரி, நானே வாசிக்கிறன்" என்று தானே ஓட்டும். நான் பாஷில் இருந்து ஓட்டினேன், பாஷ் வாசித்தது. க்ரோன் டாஷ் மூலம் ஓட்டினது, டாஷ் வாசித்தது. அதே ஃபைல், அதே மூன்று வரி, வெள்ளி இரவு ஒரு ஷெல், சனி காலை இன்னொன்று.

அடுத்தது இன்னும் மோசம். இரண்டாம் வரி விழுந்தாலும் ஷெல் ஸ்கிரிப்ட் நிற்காது, மூன்றாம் வரிக்குப் போகும். ஆக்டிவேட் ஆகாத பாத்தில் பைதன்3 என்று தேடினால் சிஸ்டத்தின் பைதன்3 கிடைக்கும். அதில் ஓப்பன்-தமிழ் இல்லை. புரோகிராமின் மேல் வரியிலேயே "அந்த மொடியூல் இல்லை" என்று விழுந்தது. ஈமெயில் அனுப்புகிற இடத்துக்கு அது வரவே இல்லை.

சரி, எரர் எங்கே போனது? க்ரோன் எரர்களை அதே மெஷினில் உள்ள மெயில்பொக்ஸுக்கு அனுப்பப் பார்க்கும். பையில் மெயில் சேர்வர் இல்லை. லொக்கில் தேடினால் "எம்-டி-ஏ இல்லை, அவுட்புட்டைக் கைவிடுகிறேன்" என்று ஒரு வரி. எரர் வந்திருக்கு, சொல்ல ஆள் இல்லாமல் குப்பைக்குப் போயிருக்கு.

ஆக்டிவேட்டை விட்டுவிடுங்கோ

முதல் யோசனை, சோர்ஸுக்குப் பதிலாகப் புள்ளி போடுவது. அல்லது மேலே பாஷ் என்று ஷெபாங் போடுவது. இரண்டும் சரிதான். புள்ளியில் இன்னொரு நன்மையும் இருக்கு: அந்த ஃபைல் அங்கே இல்லாவிட்டால் டாஷ் ஸ்கிரிப்டை அதிலேயே நிறுத்திவிடும், கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகாது.

ஆனால் நான் கடைசியில் செய்தது அது இல்லை. ஆக்டிவேட் வரியையே அழித்துவிட்டேன்.

பைவென்வ்-டொட்-சிஎஃப்ஜி ஞாபகம் இருக்கா? பைதன் தொடங்கேக்க, தன்னை எந்த இடத்தில் இருந்து கூப்பிட்டார்கள் என்று பார்க்கும். அந்த ஃபோல்டரிலோ அதுக்கு ஒரு படி மேலேயோ இந்த ஃபைல் இருந்தால், "ஆ, நான் ஒரு வென்வுக்குள் இருக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு, பக்கேஜ்களை அந்த வென்வின் "லிப்" ஃபோல்டரில் தேடும். பாத் என்ன, ஷெல் என்ன, ஆக்டிவேட் ஆனதா என்று அது கேட்பதே இல்லை. வென்வின் "பின்"னில் இருக்கிற பைதன், லினக்ஸில் வழக்கமாக சிஸ்டத்தின் பைதனுக்குப் போகிற ஒரு சிம்லிங்க் மட்டும்தான். ஓடுவது அதே ஆள், எந்த வாசலால் வந்தார் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே க்ரோன் வரியில் முழு முகவரியையும் எழுதினால் போதும்: ஹோம், உங்கள் யூசர் பெயர், புரொஜெக்ட் ஃபோல்டர், வென்வ், "பின்", பைதன். ஒரு ஸ்பேஸ் விட்டு, புரோகிராமின் முழு முகவரி. ஷெல் ஸ்கிரிப்டே வேண்டாம். அல்லது பைதன் ஃபைலின் ஷெபாங்கில் வென்வின் பைதனைப் போடலாம். பிப் செய்வதும் அதுதான். வென்வின் "பின்"னில் அது போடுகிற கொமாண்டுகளைத் திறந்து முதல் வரியைப் பாருங்கோ, முழு முகவரி இருக்கும். அதால்தான் வென்வ் ஃபோல்டரை வேறு இடத்துக்குத் தூக்கினால் அந்தக் கொமாண்டுகள் உடையுது. தூக்காதேங்கோ, அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யுங்கோ.

என்ர கருத்து இதுதான்: ஆக்டிவேட் என்பது கீபோர்டில் கை வைத்திருக்கிற மனுசருக்கான வசதி. நாளுக்கு முப்பது தரம் நீளமான முகவரி அடிக்க எங்களுக்குப் பஞ்சி. ஸ்கிரிப்டுக்குப் பஞ்சி இல்லை, அதுக்கு அந்த வசதியும் தேவையில்லை. இரவு மூன்று மணிக்கு ஆள் இல்லாமல் ஓடுகிற எதுக்கும் முழு முகவரி கொடுங்கோ.

விதிவிலக்கு இருக்கு. உங்கள் ஸ்கிரிப்ட் வேறு புரோகிராம்களைக் கூப்பிட்டு, அவை வெறும் "பைதன்" என்று தேடினால், பாத் சரியாக இருக்கவேண்டும். அப்போது ஆக்டிவேட் பண்ணுங்கோ, அல்லது பாத்தின் முன்னுக்கு "பின்" ஃபோல்டரை நீங்களே ஒரு வரியில் சேருங்கோ. பைதனுக்குள் இருந்து இன்னொரு பைதனைத் தொடங்கினால் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதேங்கோ, சிஸ்-டொட்-எக்ஸிகியூட்டபிளைக் கொடுங்கோ. அது "இப்போது ஓடுகிற இதே பைதன்" என்று அர்த்தம். சூடோவும் கவனம்: டெபியன், உபுண்டுவில் அது பாத்தைத் தன்னுடைய பட்டியலால் மாற்றிவிடும். ஆக்டிவேட் பண்ணின டெர்மினலில் "சூடோ பைதன்" என்று அடித்தாலும் ஓடுவது சிஸ்டத்தின் பைதன்.

கோ-ஒப் செய்கிற தம்பி தங்கச்சிமார் இதை வேறு வேசத்தில் சந்திப்பீங்கள். டொக்கர்ஃபைலில் ஒவ்வொரு "ரன்" வரியும் புது ஷெல். ஒரு வரியில் ஆக்டிவேட் பண்ணி அடுத்த வரியில் பிப் ஓட்டினால் வென்வுக்குள் போகாது. டெபியனை அடியாக வைத்த இமேஜ் என்றால் அங்கேயும் டாஷ்தான், சோர்ஸ் என்ற சொல்லே தெரியாது. "என்வ்" வரியால் பாத்தை ஒருமுறை மாற்றிவிடுங்கோ, பிறகு வருகிற எல்லா வரிக்கும் அது இருக்கும். கிட்ஹப் அக்ஷன்ஸிலும் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் புது ஷெல். மேக்ஃபைலில் ஒவ்வொரு வரிக்குமே. நோய் ஒன்றுதான், ஆஸ்பத்திரிதான் வேறு வேறு. கொண்டா பாவிப்பவர்கள் ஸ்கிரிப்டுக்குள் "கொண்டா ஆக்டிவேட்" போட்டு, "உங்கள் ஷெல் சரியாக அமைக்கப்படவில்லை" என்ற எரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். "கொண்டா ரன்" என்று ஒன்று இருக்கு, என்வைரன்மென்ட் பெயரையும் கொமாண்டையும் கொடுத்தால் போதும். யூவி பாவித்தால் "யூவி ரன்", அதிலும் ஆக்டிவேட் என்ற பேச்சே இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு க்ரோன் வரியில் முழு முகவரி போட்டேன். அவுட்புட்டையும் எரரையும் ஒரு லொக் ஃபைலுக்குத் திருப்பினேன். கையால் ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஓடும்படி க்ரோனிலேயே ஒரு வரி போட்டுச் சோதிக்கப் பழகினேன். யார் ஓட்டப் போகிறாரோ அவரைக் கொண்டே ஓட்டிப் பார்க்கவேண்டும்.

ஆனால் முக்கியமான திருத்தம் பைதனுக்குள். "வகுப்பு இல்லை" என்ற செய்தி, "தமிழ் என்றால் மூன்று எழுத்து" என்ற விளையாட்டை நம்பி இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. இப்போது அறிவித்தல் முதலில் போகும், அதுக்கு சிஸ்டத்தின் பைதனே போதும். சொற்கள் தனி ஈமெயில், தனி க்ரோன் வரி. ஓப்பன்-தமிழ் கிடைக்காவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை விளையாட்டு இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த சனி வகுப்பு நடந்தது. அந்த அம்மம்மாவைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன். "அது பரவாயில்லைத் தம்பி, மிசினுக்கும் குளிராக்கும்" என்று சிரித்தா. பிறகு பேத்தியிடம் போனை வாங்கி என்ர நம்பரைப் பதிஞ்சு வைச்சா. இப்போது ஸ்னோ வருகிற சனிக்கிழமைகளில் 6.30க்கு ஈமெயில் போகும், 6.40க்கு எனக்குப் போன் வரும்: "தம்பி, இண்டைக்கு வகுப்பு இருக்கோ?"